அறிகுறிக்காகக் காத்திருக்கும் விமானிகள்

"தேவைப்பட்டால் மட்டும் கார்ப் ஹீட்டைத் திற" என்ற கட்சிக்கு, சிறு விமானம் ஓட்டுவோரிடையே ஆள் குறைவதே இல்லை. கார்ப் ஹீட் என்பது கார்புரேட்டரில் பிடிக்கும் பனியை உருக்கும் வெப்பக் காற்று. பைப்பரின் பி.ஏ.-28 கையேட்டைத்தான் அந்தக் கட்சியினர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இறங்கும்போது, பனி பிடித்ததற்கான அறிகுறி இருந்தாலன்றி வெப்பக் காற்றைத் திறக்காதே என்கிறது அது. செஸ்னா 152 கையேடோ த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே முழுதாகத் திறக்கச் சொல்கிறது. இத்தனைக்கும் இரண்டிலும் ஓடுவது லைகாமிங் எஞ்சின்.

பைப்பர் தரப்பிலும் நியாயம் உண்டு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினின் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் காற்று வடிகட்டி வழியாகவும் வருவதில்லை. முழுத் த்ராட்டிலில் அதைத் திறந்துவைத்தால் எஞ்சினில் வெடித்தட்டு (டெட்டனேஷன்) வரலாம். லைகாமிங்கின் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் கொஞ்சம் கதகதப்பு கிடைக்கிறது. செஸ்னா 150-இல் உள்ள கான்டினென்டல் ஓ-200க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவ்வளவும் சரி.

காத்திருப்பதில்தான் என் சண்டை. இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? புகைபோக்கிக் குழாயைச் சுற்றிய உறையிலிருந்து. அதாவது எஞ்சின் நன்றாக ஓடினால்தான் மருந்தே உண்டு. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சூரியில் பனி அடைக்க அடைக்கத் திறன் குறைகிறது, குழாய் ஆறுகிறது, பனியை உருக்க வேண்டிய காற்றும் குளிர்ந்துபோகிறது. வெள்ளம் வந்தபின் அணை போடுகிறவனுக்காவது மண் மிஞ்சும். இங்கே அந்த மண்ணையும் வெள்ளமே கொண்டுபோகிறது.

அதோடு, எந்த அறிகுறியைப் பார்த்துக் காத்திருப்பது? இதழ்க்கோணம் மாறாத சுழலி உள்ள விமானத்தில் ஆர்பிஎம் விழ வேண்டும். ஆனால் த்ராட்டிலை மூடிக்கொண்டு இறங்கும்போது ஆர்பிஎம் குறைவாகத்தானே இருக்கும்? பனி எளிதில் படியும் த்ராட்டில் தகடும் அப்போதுதான் கிட்டத்தட்ட மூடிக்கிடக்கிறது. ஓடுபாதைக்கு முன்னால் திறன் வேண்டுமென்று த்ராட்டிலைத் தள்ளி, எஞ்சின் பதில் சொல்லாதபோதுதான் அறிகுறி தெரியும். ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரில் நிலைமை இன்னும் மோசம். ஆர்பிஎம் விழாமல் கவர்னரே த்ராட்டிலைத் திறந்துகொடுத்துப் பனியை மறைத்துவிடுகிறது. இதற்காகவே அந்த நிறுவனம் தனிப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. உறிஞ்சுகுழாய் அழுத்தம் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் கார்புரேட்டர் வெப்பமானியை நம்பாமல் முழு வெப்பம் கொடு என்றும் சொல்கிறது. கருவியையே நம்பாதே என்று தயாரித்தவரே சொல்லும் இடத்தில், விமானியின் காதையும் கண்ணையும் நம்பச் சொல்வது என்ன நியாயம்?

சரி, அறிகுறி தெரிந்து திறந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். உருகிய நீர் சிலிண்டருக்குள் போகிறது. எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமுகிறது. பயந்த கை உடனே மூடிவிடுகிறது. கைக்கு அந்தப் பழக்கம் பயிற்சியில் வந்தது: நாலைந்து விநாடி திற, ஆர்பிஎம் இறங்குகிறதா பார், மூடு, "சரி" என்று சொல். அந்தச் சடங்கால் வெப்பக் காற்றைத் திறக்கும் கம்பி அறுபடவில்லை என்று தெரியுமே தவிர, பனி உருகாது.

குளிர்நாளில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்பதும் தவறு. வெப்பம் 21 டிகிரி செல்சியசுக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது ஆபத்து மிகுதி என்று சொல்லும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு, 38 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்திலும் பனி பிடிக்கலாம் என்கிறது. எரிபொருள் ஆவியாவதாலும் வெஞ்சூரியில் அழுத்தம் குறைவதாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கும் அதிகமாகச் சரியக்கூடும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே உறையும். 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் சுமார் 250 விபத்துகளில் கார்புரேட்டர் பனிக்குப் பங்கு இருந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்குச் சொன்னது. சிதைவைச் சோதிப்பவர் வந்துசேர்வதற்குள் குற்றவாளி உருகி ஓடிவிடுவதால், அந்தக் கணக்கும் குறைவானது என்பதே என் எண்ணம்.

த்ராட்டிலைக் குறைக்கும் முன் முழுதாகத் திறக்க வேண்டும், அரைகுறையாக அல்ல. இறங்காமல் மறுபடி மேலேற வேண்டிவந்தால் த்ராட்டிலைத் தள்ளிய கையே வெப்பத்தை மூடட்டும்; அதற்கு ஒரு விநாடி போதும். இதைப் பழக்கித்தர முடியாத பயிற்றுநர், மாணவனைத் தனியாகப் பறக்க அனுப்பக் கூடாது.