அம்புக்குறி போட்டால் உலக வரலாறு ஆகிவிடுமா?

போன பருவத்தில் முதுகலை மாணவர்கள் எட்டுப் பேரோடு உட்கார்ந்து சுனில் அம்ரித்தின் 'கிராஸிங் தி பே ஆஃப் பெங்கால்' (2013) நூலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தோம். உலகளாவிய வரலாறு என்பதைத் தமிழ்நாட்டு மாணவனுக்கு அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். அந்த நம்பிக்கை இப்போதும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் புத்தகம் மாணவர்களுக்குள் என்னவாக இறங்கியது என்று பார்த்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் புத்தகம். வங்காள விரிகுடாவை ஓரத்தில் கிடக்கும் நீர்ப்பரப்பாக வைக்காமல் கதையின் நடுவில் வைக்கிறார் அம்ரித். பருவக்காற்று, நீராவிக் கப்பல், கங்காணி, ரப்பர் தோட்டம், நாகூர் தர்காவின் சாயலில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எழுந்த தர்காக்கள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. 1840க்கும் 1940க்கும் இடையில் இந்தியாவிலிருந்து பர்மாவுக்கு 1.2 முதல் 1.5 கோடிப் பயணங்கள், இலங்கைக்கு 80 லட்சம், மலாயாவுக்கு 40 லட்சம் என்று அவர் தரும் மதிப்பீடுகளைப் பார்த்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. போனவர்களில் மிகப் பலர் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டவர்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய ஐரோப்பியக் குடியேற்றத்தோடு ஒப்பிட வேண்டிய அளவுள்ள இந்த நகர்வு நம் பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'தெற்காசியா', 'தென்கிழக்காசியா' என்று ஆய்வுத்துறைகளைப் பிரித்துக் கோடு போட்டதில் அந்தக் கடல் நடுவில் விழுந்து காணாமல் போனது என்கிறார் அம்ரித். நல்ல வாதம்.

வாசித்து முடித்ததும் ஒரு பயிற்சி கொடுத்தேன்: "ஒரு இணைப்பை எடுத்துக்கிட்டு வரைபடம் போட்டு விளக்குங்க." எட்டு வரைபடம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒரு அம்பு, சென்னையிலிருந்து ரங்கூனுக்கு ஒரு அம்பு, ஒருவர் ரஜூலா கப்பலின் படத்தையே ஒட்டியிருந்தார். அழகாகத்தான் இருந்தன. எதிலும் 'ஏன்' இல்லை. கீழே எழுதியிருந்த முடிவும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: உலகம் அப்போதே இணைந்திருந்தது. சரி, இணைந்திருந்தது. அதனால் என்ன?

தப்பு மாணவர்களுடையது மட்டுமல்ல. பயிற்சியை அப்படி வைத்தது நான். 'இணைப்பு' என்று கேட்டால் இணைப்பைத்தானே காட்டுவார்கள்! செபாஸ்டியன் கான்ராட் தன் 'வாட் இஸ் குளோபல் ஹிஸ்டரி?' (2016) நூலில் இதைத்தான் எச்சரிக்கிறார்: தொடர்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒன்று, உலகு தழுவிய கட்டமைப்பு ஓரிடத்து நிகழ்வுக்குக் காரணமாக அமைவதை விளக்குவது வேறொன்று. இதையும் வகுப்பில் வாசித்திருந்தோம். வாசித்தும் உறைக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

உறைத்த இடம் கானாடுகாத்தான். ஒரு நாள் பயணமாகச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். முகப்பில் நின்ற தூண்களைத் தடவிக்கொண்டே ஒரு மாணவர் சொன்னார்: "பர்மாத் தேக்கு சார். நம்ம ஆளுங்க அந்தக் காலத்துலயே கடல் தாண்டிப் போயி எப்படிச் சாதிச்சிருக்காங்க பாருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவரை பேசாமல் வந்த ஒரு மாணவி கேட்டார்: "அங்க இருந்தவங்க இதை எப்படிச் சொல்லுவாங்க சார்?"

திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. அடுத்த இரண்டு வாரம் அம்ரித்தை மூடிவைத்துவிட்டு மைக்கேல் அடாஸின் 'தி பர்மா டெல்டா' (1974) பக்கம் போனோம். 1852இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட பின், ஐராவதி முகத்துவாரத்துக் காடும் சதுப்பும் நெல்வயலாகின்றன. உழுதவர்கள் பெரும்பாலும் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த குடியானவர்கள். காடு வெட்டவும் மாடு வாங்கவும் கடன் வேண்டும். ஆங்கிலேய வங்கி அவர்களுக்கு நேரே கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் லேவாதேவி நுழைகிறது. வங்கியிடமும் சொந்தக்காரர்களிடமும் திரட்டிய பணம் நிலத்தை அடமானமாகப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறது. விலை ஏறுகிறவரை எல்லோருக்கும் சௌகரியம்.

1930இல் உலகப் பெருமந்தம் வருகிறது, நெல் விலை சரிகிறது. குடியானவனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவருக்கும் ஊரில் வைப்புப் போட்டவர்கள் பணம் கேட்கிறார்கள். அவருக்கு வேண்டியது ரொக்கம். கைக்கு வந்ததோ நிலம். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். எட்டே வருடம்.

இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். தேக்குத்தூணைப் பாராட்டிய மாணவர்தான் முதலில் பேசினார்: "அப்ப நாம வில்லனா சார்?" இல்லை என்று உடனே சொல்ல எனக்கும் ஆசைதான். யாரும் திட்டம் போட்டு நிலத்தைப் பிடுங்கவில்லை என்று அடாஸின் பக்கத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? அதே 1930 டிசம்பரில் தாராவடியில் சாயா சான் கிளர்ச்சி வெடிக்கிறது. அதற்கு முன்பே மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளர்களின் இடத்தில் பர்மியர்களை எடுத்து, பிறகு பழையவர்கள் திரும்பியதும் இவர்களை வெளியே அனுப்ப, பெருங்கலவரமாகிறது. லேவாதேவிக்காரருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். பர்மிய தேசியத்துக்கு இருவரும் ஒரே 'கலா'.

இப்போது அம்ரித்தைத் திரும்ப எடுத்தபோது என் வாசிப்பு மாறியிருந்தது. பர்மாவைப் பற்றியும் கலவரங்களைப் பற்றியும் அவர் எழுதாமல் இல்லை. ஆனால் அவருடைய மனசு மலாயாவில் இருக்கிறது. அதிகம் பேர் போனது பர்மாவுக்கு, அதிகப் பக்கம் போனது மலாயாவுக்கு. இன்னொன்று, அவருடைய உரைநடை. கடலைப் போலவே எல்லாவற்றையும் ஒரே அலையில் எடுத்துக்கொண்டு போகிறது. கங்காணியின் முன்பணமும் பக்தனின் நேர்த்திக்கடனும் பக்கத்துப் பக்கத்தில் மிதக்கின்றன. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் சொந்தபந்தத்திலிருந்தும் ஆள் பிடித்தவர். அப்படியானால் ஊரின் சாதி அடுக்கு கப்பலில் ஏறிப்போய்த் தோட்டத்து லயத்தில் எப்படி இறங்கியது என்பது மையக் கேள்வியாக வேண்டும். அவர் அதைத் தொடுகிறார், நிற்கவில்லை. இழப்பின் சோகத்தை இவ்வளவு அழகாக எழுதும்போது அந்தப் பழைய உலகம் இருந்ததைவிட இணக்கமாகத் தெரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. என் மாணவர்கள் போட்ட அம்புக்குறிகள் அங்கிருந்தும் கொஞ்சம் வந்தவைதான்.

பயிற்சியை மாற்றிக் கொடுத்தேன். வரைபடம் வேண்டாம், 1930க்குப் பின் மலாயாவிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி ஊர் திரும்பியது ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள், 'உலகமயமாதல்' என்ற சொல் வரக்கூடாது. திணறினார்கள். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது, ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, மலாயா அரசு கப்பல் செலவு கொடுத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியது என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டியிருந்தது. எட்டில் மூன்று பேர் நன்றாக எழுதியிருந்தார்கள். தூணைத் தடவியவர் அதில் ஒருவர்.

கேள்வி கேட்ட மாணவி இரண்டு பக்கம் எழுதவில்லை. அவருடைய தாத்தா 1964க்குப் பின், கடைகளை நெ வின் அரசு நாட்டுடைமையாக்கியபோது, ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு சென்னைக்கு வந்தவராம்; பிறகு பர்மா பஜாரில் கடை போட்டிருக்கிறார். இதை அன்றுவரை வகுப்பில் அவர் சொன்னதே இல்லை. "தாத்தா போனதுக்கும் 25 பர்சென்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டு ஒரு தாள் கொடுத்தார். இருக்கிறது, ஆனால் நேர்க்கோடாக இல்லை, நடுவில் 1942இன் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இன் விடுதலையும் இருக்கின்றன என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து தொடங்குகிறோம்.