பைக் கோட்டையின் பாலங்கள்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை உலகில் இரும்புத் தீவுகளின் தீராப் பகையை நம்பவைப்பது வசனமல்ல, பைக் கோட்டையின் அமைப்பு. ஒரே நிலமுனையில் எழுந்த கோட்டை அது. அலை அரித்து அரித்து, கோபுரங்கள் இப்போது கடலுக்குள் தனித்தனிப் பாறைகளில் நிற்கின்றன. இடையே கல்பாலங்கள், கடல்கோபுரத்துக்கோ கயிறும் பலகையும்தான். சொந்த வீட்டுக்குள் அண்ணனைத் தம்பி பார்க்கப் போவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம். தீவுகளின் தலைவன் பேலன் சாவதும் அப்படியொரு பாலத்திலிருந்து விழுந்துதான்.

கொள்ளையடித்து வாழும் இந்தத் தீவினர், மீனும் இரும்பும் இருக்க, வணிகம் செய்து பிழைக்கக் கூடாதா, கொள்ளையை ஆசிரியர் வலிந்து திணிக்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை அவரே கதைக்குள் கேட்டுவிடுகிறார். 2005-இல் வெளிவந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ நாவலில் அரசனைத் தேர்ந்தெடுக்கும் சபை கூடுகிறது. பேலனின் மகள் ஆஷா பெட்டிகளைத் திறந்து காட்டுகிறாள்: கூழாங்கல், பைன் காய், டர்னிப் கிழங்கு. படையெடுத்துக் கண்டது இவ்வளவுதான், சமாதானம் பேசுவோம் என்கிறாள். கணக்கு துல்லியம். ஆனால் டிராகன்களை வசப்படுத்துவேன் என்று கொம்பூதச் செய்து வந்த சித்தப்பா யூரனுக்கே கூட்டம் முடிசூட்டுகிறது. வறுமை மட்டுமல்ல, பழம்பெருமையும் சேர்ந்துதான் அந்தத் தீவுகளைப் போருக்கு அனுப்புகிறது என்பதற்கு அந்த டர்னிப்பைவிட நல்ல சாட்சி நாவலில் இல்லை.