அஞ்ஞாதவாசமும் அகதிவாழ்வும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களுக்குப் பாரதம் ஏட்டில் மாத்திரம் உறையுங் கதையன்று. கோயிற் சடங்கிலும் கூத்துக் களரியிலும் உயிர்பெறுங் கதையாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் பதினெட்டு நாள் விழாவில் வனவாசமும் தவநிலையும் தீமிதிப்பும் இன்றும் நிகழ்கின்றன. இப்பகுதிக் கூத்துக்களிற் பெண்பாத்திரங்களை நெடுங்காலம் ஆடவரே தாங்கினர். குரலும் நடையும் பொருந்த ஆடியவரை ஊர் மெச்சியது. ஆனால், வேடமாகவன்றி மெய்யாகவே தம்மைப் பெண்ணென உணரும் ஒருவரை அதே ஊர் மெச்சுவதில்லை. இம்முரண்பாட்டை மனத்திருத்தி, அண்மைக்காலத் தன்வரலாற்று நூல்கள் இரண்டினை நோக்குவாம்.

பதின்மூன்றாம் ஆண்டில் பாண்டவர் விராடன் நகரில் மறைந்துறைகின்றனர். விசயன் பேடியுருக் கொண்டு, பிருகன்னளை என்னும் பெயருடன் உத்தரைக்கு ஆடல் பயிற்றுகின்றான். அவனுக்கு அவ்வுரு ஒரு மறைப்பே. காலம் நிறைந்ததும் அதனைக் களைந்துவிடுகின்றான். நம் பழந்தமிழ் நூல்களும் பேடியரை அறியாதனவல்ல. தொல்காப்பியம் அவரை உயர்திணைக்கண் வைத்தது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடும் ஒன்று. எனினும், இலக்கணம் திணை வகுத்தது. காப்பியம் ஆடலைக் காட்டியது. அவர் தம் வாழ்வைத் தாமே கூறும் குரல் எங்கும் எழவில்லை.

அக்குரலை 2007 இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' உரக்க ஒலித்தது. மொழியியலில் முதுகலை கற்ற ஒருவர், பெண்ணாக வாழ வேண்டியமையால் வீட்டைத் துறந்து, புனே நகர் சென்று, புகைவண்டிகளில் இரந்துண்டு, அறுவைச் சிகிச்சை பெற்று, மதுரையிற் பணியில் அமர்ந்த வரலாறு அது. இரக்கம் வேண்டி எழுதப்பட்ட நூலன்று. வேலையும் வீடும் பெயரும் தமக்குரியனவென வழக்காடும் நூல். அதன் நடையிலுள்ள வெம்மைக்குக் காரணம் இதுவே. இந்நூலைப் படிப்போர்க்கு விராட பருவம் தலைகீழாகத் தோன்றும். பிருகன்னளைக்குப் பேடியுரு மறைப்பு. வித்யாவுக்கோ ஆணுடையே மறைப்பு. அவரது அஞ்ஞாதவாசம் பிறந்த வீட்டிலேயே தொடங்கிற்று. அதற்கு ஓராண்டென்னும் எல்லையுமில்லை. மதுரைப் பணி நூலில் ஒரு கரைசேர்தலாகத் தோன்றுகின்றது. ஆயினும் பின்னாளில் அவர் சுவிற்சர்லாந்திற் புகலிடம் நாடினார். நூல் முடிந்த இடத்தில் வாழ்வு முடியவில்லை.

தனுஜாவின் 'ஈழத் திருநங்கையின் பயணமும் போராட்டமும்' நமக்கு இன்னும் அணித்தானது. போரினாற் பெயர்ந்து யேர்மனி சேர்ந்த ஈழத்தவர் ஒருவரின் வரலாறு இது. குண்டுக்கு அஞ்சி ஓடிய நாம், நம்முள் ஒருவரை மீண்டும் ஓடச் செய்யலாமோ என்பதே இந்நூல் எழுப்பும் வினா. புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை இனப்போரின் விளைவென்று மாத்திரம் கூறிப்போகும் திறனாய்வு இவ்விடத்திற் போதாதாகின்றது.

பாண்டவரின் மறைவாழ்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடையாளங் காணப்பட்டால் மீண்டும் பன்னீராண்டு வனவாசம். திருநங்கையர்க்கு நம் நாட்டிலுள்ள நிலையும் ஏறத்தாழ இதுவே. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399 ஆம் பிரிவு அவர்க்கெதிராகப் பயன்பட்டதுண்டு. சட்டமும் மெய்யை வேடமெனக் கொண்டது. 2016 இற் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை, பால்நிலையை அங்கீகரிக்குஞ் சான்றிதழுக்கு வழிசெய்தமை பாராட்டத்தக்கது. ஆனால் 365, 365அ பிரிவுகளைத் திருத்த முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்றென 2023 இல் உயர் நீதிமன்றம் கூறியும், 2024 இற் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

துணையுடன் வாழ விழைவோரின் இடர் இரட்டிப்பாகும். பாண்டவருடன் திரௌபதையும் வனம் புகுந்தாள். அதனை நாம் கற்பென்று போற்றுகின்றோம். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், தம்மைப் பெண்ணென உணர்ந்த திவொங்கே சிம்பலங்காவும் அவர்தம் துணைவரும் 2009 இறுதியில் நிச்சயதார்த்தம் செய்தமைக்காகச் சிறைப்பட்டனர். 2010 மே மாதத்தில் 14 ஆண்டுத் தண்டனை பெற்று, சில நாளில் மன்னிக்கப்பட்டனர். பின்னர் திவொங்கே தென்னாபிரிக்காவிற் புகலிடம் நாடினார், துணைவர் உடன்செல்லவில்லை. உயிர் பிழைத்தது, உறவு பிழைக்கவில்லை. இதற்கு மாறாக, தூத்துக்குடியில் ஆடவர் ஒருவரும் திருநங்கை ஒருவரும் செய்த திருமணத்தைப் பதிய மறுத்தபோது, மதுரை நீதிமன்றக் கிளை 2019 இல் 'மணமகள்' என்னுஞ் சொல் திருநங்கையையுங் குறிக்குமெனத் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளை விரித்தமையால் இருவர் ஊரிலேயே கணவன் மனைவியென வாழ வழி பிறந்தது.

வெளிநாட்டு மோகமே இவர்களை ஓட்டுகின்றதென்பாருமுளர். மறைந்து வாழ்ந்தால் இன்னல் இல்லையே என்பாருமுளர். இவ்விரண்டாவது வாதத்தை, தன்பாலின விருப்புடைய ஈரானியர் ஒருவர், கமரூனியர் ஒருவர் ஆகிய இருவரது வழக்கில் 2010 இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் ஆராய்ந்து தள்ளியது. துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் இயல்பை ஒளித்து வாழ்க என்று கூறி ஒருவரைத் திருப்பியனுப்பல் நீதியன்று என்பது அதன் முடிபு. முதலாவது வாதத்துக்கு மேற்கூறிய நூல்களே விடை. சொந்த மொழியும் கோயிலும் கூத்தும் உள்ள ஊரை விட்டு, பனிநாட்டில் விண்ணப்பத்தாளுடன் காத்திருத்தல் எவர்க்கும் இன்பமாகாது.

இந்நூல்களை மாணவர் கையிற் கொடுக்க ஆசிரியர் தயங்குதல் வேண்டா. தொல்காப்பியம் உயர்திணையென்று வகுத்ததைக் கற்பிக்கும் நாமே, வகுப்பறையில் ஒரு பிள்ளையை நோக்கி எழும் ஏளனப் பெயரைக் கேட்டுங் கேளாதார் போலிருத்தல் தகுமோ? அவ்வேளையில் ஒரு சொல் கூறித் தடுக்கும் ஆசிரியர், அப்பிள்ளை ஊரை விட்டுப் புறப்படுதற்குரிய காரணங்களுள் ஒன்றையேனும் நீக்கியவராவார்.