ஓர் இளவரசியின் மரணம்: குடும்பமும் மார்க்கமும்

1980 ஏப்ரல் 9ஆம் நாள் இரவு, பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் 'ஓர் இளவரசியின் மரணம்' என்னும் படம் ஒளிபரப்பாயிற்று. இயக்கியவர் அந்தோனி தாமஸ். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பொருட்டு ஒரு நாட்டின் தூதர் மற்றொரு நாட்டினின்றும் வெளியேற நேர்வது அரிதினும் அரிது. அந்த அரிய நிகழ்வு இப்படத்தின் பொருட்டு நிகழ்ந்தது. நாம் இங்கு ஆராய விழைவது படத்தை மட்டுமன்று. அதைப் பார்த்தோர், பார்க்க மறுத்தோர், பிறர் பார்க்கவிடாது தடுக்க முயன்றோர் ஆகிய மூவகையினரும் காட்டிய எதிர்வினைகளையுமாகும். அவ்வெதிர்வினைகள் அனைத்திலும் ஒரே பிழை ஊடுருவி நிற்பதை நாம் காண்கிறோம்.

படத்திற்கு அடிப்படையான நிகழ்வு 1977 ஜூலையில் ஜித்தாவில் நடந்தது. சவூதி அரச குடும்பத்தைச் சேர்ந்த மிஷால் பின்த் ஃபஹத் என்னும் பத்தொன்பது வயதுப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காதலர் எனக் கூறப்பட்ட இளைஞர் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்பெண், அன்றைய மன்னர் காலிதின் மூத்த சகோதரரான இளவரசர் முஹம்மத் பின் அப்துல் அஸீஸின் பேத்தியாவார். விபச்சாரக் குற்றத்திற்காக மார்க்கச் சட்டப்படி தண்டனை நிறைவேற்றப்பட்டது என்பதே அதிகாரபூர்வமான விளக்கமாக இருந்தது.

தாமஸ் இதனை முதலில் ஓர் ஆவணப்படமாகவே எடுக்க எண்ணினார். விவரம் அறிந்தோர் பலர் பேச முன்வந்தனர். ஆயின் ஒளிப்படக் கருவியின் முன் முகம் காட்ட அஞ்சினர். ஆகவே அவர்கள் கூறியவற்றை நடிகர்களின் வாயிலாகப் பேசவைத்து, உண்மையைத் தேடி அலையும் ஒரு செய்தியாளனின் பயணமாகப் படத்தை அமைத்தார். செய்தியாளன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதையைக் கேட்கிறான். இறந்த பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவோர், சிறிது நேரத்தில் தம் வாழ்வையும் தம் சமூகத்தின் இன்னல்களையும் பேசலாகின்றனர். படத்தின் வலிமை இவ்வமைப்பிலேதான் உள்ளது. அதன் பலவீனமும் அங்கேயே உள்ளது. எது பதிவான சாட்சியம், எது இயக்குநரின் கற்பனை எனப் பிரித்தறியும் வழி பார்வையாளனுக்குத் தரப்படவில்லை.

எதிர்வினைகளுள் முதலாவது ரியாதிலிருந்து எழுந்தது. இப்படம் இஸ்லாத்தையும் அதன் நீதிமுறையையும் இழிவுபடுத்துவது என்று சவூதி அரசு கண்டித்தது. பிரிட்டனின் தூதர் ஜேம்ஸ் கிரேய்க் நாட்டைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். சில மாதங்கள் கழிந்த பின்னரே அவர் பணிக்குத் திரும்ப முடிந்தது. பிரிட்டனின் அயலுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு வருத்தம் தெரிவித்தார். சவூதியுடனான வணிகத்தைக் கருதாமல் அவ்வருத்தம் பிறந்திருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அடுத்து அமெரிக்கா. 1980 மே 12ஆம் நாள் அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியில் படம் ஒளிபரப்பாகவிருந்தது. சவூதித் தூதரின் ஆட்சேபக் கடிதத்தை, அயலுறவுத் துறையின் பொறுப்பிலிருந்த வாரன் கிறிஸ்டோபர் பொதுத் தொலைக்காட்சியின் தலைவருக்கு அனுப்பிவைத்தார். பொதுத் தொலைக்காட்சிக்கு நெடுநாளாகப் பொருளுதவி செய்துவந்த மொபில் எண்ணெய் நிறுவனம், படத்தை ஒரு கட்டுக்கதை எனச் சாடி நியூயார்க் டைம்ஸ் இதழில் விளம்பரம் வெளியிட்டது. தென் கரோலினா மாநில நிலையம் படத்தைக் காட்டவில்லை. அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநரே அப்போது சவூதிக்கான அமெரிக்கத் தூதராக இருந்தார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிலையமும் அலபாமா மாநில நிலையமும் ஒளிபரப்பைக் கைவிட்டன. மத்திய கிழக்கில் பணிபுரியும் அலபாமா மக்களின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்னும் அச்சமே அலபாமா நிலையம் கூறிய காரணம். இவ்வாறு அஞ்சி வேண்டுகோள் விடுத்தவர்களும் பார்வையாளர்களே என்பது கருதத்தக்கது.

இதற்கு மாறாக, படத்தைப் பார்க்கும் உரிமை தமக்கு உண்டென்று வேறு சில பார்வையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். ஹூஸ்டன் வழக்கில் படத்தை ஒளிபரப்புமாறு கீழ்நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. இரு வழக்குகளையும் ஒருங்கே விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, 1982இல் நிலையங்களின் பக்கமே தீர்ப்பளித்தது. எதைக் காட்டுவது என்பது நிலையத்தின் உரிமை. ஒன்றைக் காட்டியே தீரவேண்டுமென வற்புறுத்தும் உரிமை பார்வையாளனுக்கு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் சிலர் இதற்கு மாறுபட்டும் எழுதினர்.

இனி, பார்த்தோரின் மனநிலை. 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாக்கப்பட்டனர். அதே மாதத்தில் மக்காவின் புனிதப் பள்ளி ஆயுதக் குழுவொன்றால் கைப்பற்றப்பட்டது. 1980 ஏப்ரலில் பிணைக்கைதிகளை மீட்க அமெரிக்கா எடுத்த முயற்சி பாலைவனத்தில் தோல்வியுற்றது. இத்தகைய சூழலில் படத்தைக் கண்ட மேலைநாட்டுப் பார்வையாளர் பலருக்கு, அது ஒரு குடும்பத்தின் கதையாகத் தோன்றவில்லை. இஸ்லாம் என்பது இதுவே என்னும் முடிவுக்குச் சான்றாகத் தோன்றிற்று. எட்வர்ட் செய்த் 1981இல் வெளியிட்ட, ஊடகங்கள் இஸ்லாத்தைச் சித்திரிக்கும் முறையைப் பற்றிய நூலில் இந்நிகழ்வை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒரு படம் சரியா, தவறா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை; ஒரு சமுதாயத்தைப் பற்றி எதை, எப்போது, எவருக்குக் காட்டுவது எனத் தீர்மானிக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்பதே அடிப்படை வினா என்னும் அவருடைய பார்வை இன்றும் பொருந்துவதே. ஆயினும் அவ்வினாவை எழுப்பிவிட்டு நாம் அமைதியடைந்துவிட இயலாது. காட்டியவன் கை தூய்மையற்றது என்பதால், கொன்றவன் கை தூய்மையாகிவிடாது.

உண்மையில் படம் சொல்ல வந்தது என்ன? செய்தியாளனின் தேடல் சென்று சேரும் இடம் இது: அப்பெண்ணின் வழக்கு எந்தக் காழியின் முன்னும் வரவில்லை, பாட்டனாரின் ஆணையே அவளுடைய உயிரைப் பறித்தது, கறைபட்டதாகக் கருதப்பட்ட குடும்ப மானத்திற்கு அவள் விலையானாள். படத்தின் இக்கூற்றை ஏற்பதாயின், அது இஸ்லாத்தின் மீதான குற்றச்சாட்டு ஆகாது. இஸ்லாமியச் சட்டம் மீறப்பட்டது என்னும் குற்றச்சாட்டே ஆகும். விபச்சாரக் குற்றத்திற்கு நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும். அன்றேல் தானாக அளிக்கும் ஒப்புதல் வேண்டும். மாஇஸ் (ரலி) அவர்கள் தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருடைய அறிவு தெளிவாக உள்ளதா என்றும் வினவினார்கள். துப்பாக்கியால் சுட்டுக் கொல்லுதல் இக்குற்றத்திற்கென ஃபிக்ஹு நூல்கள் வகுத்துரைத்த தண்டனையுமன்று. ஆக, படத்தைக் கண்டு வெகுண்ட அரசு, காழியின் தீர்ப்பை எடுத்துக்காட்டி மறுத்திருக்க வேண்டிய இடத்தில், மார்க்கத்தையே கேடயமாக உயர்த்திப் பிடித்தது.

இதே அளவுகோல் படத்தின் மீதும் திரும்பத்தான் வேண்டும். அரச குடும்பப் பெண்கள் பாலைவனத்தில் வாகனங்களில் சென்று ஆடவரைத் தேடுவதாக வரும் காட்சி, பெருங்கோபத்தை மூட்டிய பகுதிகளுள் ஒன்று. பெயர் குறிப்பிடப்படாத ஒருத்தியின் கூற்றை, நடிகையின் வாய்மொழியாக்கி, அதற்குக் காட்சி வடிவமும் கொடுத்துப் பெண்கள் கூட்டமொன்றின் கற்பின் மீது ஐயத்தை வீசுவது எவ்வாறு நியாயமாகும்? எவரையும் சுட்டாமையால் அது சட்டப்படி அவதூறாகாது எனலாம். ஆயின் சூரா அந்நூர் அவதூறைத் தடுக்கும் நோக்கத்திற்கும், செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத் விதிக்கும் கட்டளைக்கும் அது முரணானதே. நான்கு சாட்சி என்னும் விதி வாளேந்தியவனை மட்டுமன்று, கதை சொல்பவனையும் தடுத்து நிறுத்துவது. தாமஸின் படம் முதற்பாதியை உணர்ந்தது, பிற்பாதியை உணரவில்லை.

1932 முதல் ஒரு குடும்பத்தின் பெயரே நாட்டின் பெயராக இருந்துவருகிறது. 1986இல் மன்னர் ஃபஹத் இரு புனிதப் பள்ளிகளின் பணியாளர் என்னும் பட்டத்தைச் சூடினார். குடும்பம், அரசு, மார்க்கம் என்னும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இடத்தில், முதலாவதைத் தொட்டால் மூன்றாவது நோவதாகக் காட்டுவது எளிது. ரியாதின் கண்டனம் அவ்வெளிய வழியையே மேற்கொண்டது. மேலைநாட்டுப் பார்வையாளரில் பலரும் எதிர்த்திசையிலிருந்து வந்து அதே இடத்தை அடைந்தனர். குடும்பம் செய்ததை மார்க்கம் செய்ததாக இருசாராரும் கொண்டனர். ஒரு சாரார் அதைக் காக்க, மறுசாரார் அதைப் பழிக்க.

2005இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி இப்படத்தை மறுபடியும் ஒளிபரப்பியது. ஆட்சிபுரியும் குடும்பங்களைப் பற்றிய ஆவணப்படங்கள் அதன் பின்னரும் வந்தவண்ணம் உள்ளன, இனியும் வரும். அவற்றைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இதைச் சொல்பவனிடம் சாட்சி உண்டா? இதைச் செய்தவனிடம் தீர்ப்பு உண்டா? முதலாவதை மட்டும் கேட்போர் ஆட்சியாளரின் வழக்கறிஞராகின்றனர். இரண்டாவதை மட்டும் கேட்போர் வதந்திக்கு வாயிலாகின்றனர். இரண்டையும் ஒருங்கே கேட்பவரே, பத்தொன்பது வயதில் மாண்ட அப்பெண்ணுக்கும் தம் மார்க்கத்திற்கும் நீதி செய்தவராவர்.