கடல் கடந்த பணமும் கடக்கவியலாத வாசற்படியும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் கடற்கரையூரில் கார்மேல் அன்னை ஆலயமும் உண்டு. தமீம் அன்சாரி தர்காவும் உண்டு. அதனை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, பல நாட்டு மனிதரையும் பண்டங்களையும் அச்சிற்றூரின் வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. வாசலுக்கு வந்த உலகம், வீட்டினுள் இருக்கும் பெண்ணுக்கு என்ன தருகிறது? இக்கேள்வியோடு படிக்கத் தக்கது, கவிஞர் சல்மா எழுதி 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் நாவல்.

கதை நிகழும் இஸ்லாமியத் தெருவில் ஆண்கள் வெளிநாடு சென்று பொருளீட்டுகின்றனர். பணம் வீடு வந்து சேர்கிறது. ஆயினும் சிறுமி ராபியாவின் உலகமோ அவள் வளர வளரச் சுருங்குகிறது. ஒளிந்து சென்று திரைப்படம் பார்ப்பதும் அவளுக்குக் குற்றமாகிறது. மணவாழ்வை விட்டுத் திரும்பும் பிர்தவ்ஸுக்குத் தாய்வீடும் அடைக்கலமாகவில்லை. உலகமயம் நம் அடையாளத்தை அழித்துவிடும் என அஞ்சுகிறோம். நாவல் காட்டுவது வேறு: வெளியுலகோடு கலக்கும் உரிமையை ஆண் எடுத்துக்கொள்ள, அடையாளத்தைக் காக்கும் சுமை பெண்ணின் தலையில் ஏற்றப்படுகிறது.

இதனை அறியாமையின் விளைவென்று ஒதுக்கவியலாது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் 64 விழுக்காடு. தமிழக முஸ்லிம் பெண்களிலோ 76 விழுக்காடு. 1938இலேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. எழுத்து அவர்களுக்குப் புதிதன்று. பருவமெய்தியபின் மூடப்படும் பள்ளிக் கதவே இடர். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் படிப்பும் 13 வயதளவில் நின்றுபோனதே. அவருக்குப் பொதுவாழ்வின் வாசலைத் திறந்தது சந்தையன்று. உள்ளாட்சியில் பெண்களுக்கென அமைந்த இடஒதுக்கீடு. 2001இல் அவர் பேரூராட்சித் தலைவரானார்.

நாவலில் குறை இல்லாமலில்லை. உறவினர் கூட்டத்தில் யார் எவர் எனத் தெளியப் பல பக்கங்கள் ஆகின்றன. ஆண்களின் அகவுலகம் மெலிதாகவே தீட்டப்பட்டுள்ளது. அயல்மண்ணில் தனித்து உழைப்போரின் ஏக்கமும் இடம் பெற்றிருப்பின் சித்திரம் நிறைவெய்தியிருக்கும். எனினும் தீர்ப்புக் கூறாது, அடுப்பங்கரைப் பேச்சின் வழியே அனைத்தையும் உணர்த்தும் ஆசிரியரின் பொறுமை போற்றத்தக்கது.

இதனை ‘அவர்கள் கதை’ என்று மூடிவைத்தல் எளிது. தானும் சிறுபான்மையாய் வாழும் நம் சமூகம், தன் மானத்தைக் காக்க யாரை வீட்டினுள் நிறுத்தியது என்று எண்ணிப் பார்ப்பதே இந்நூலை நேர்மையாகப் படித்ததன் அடையாளம்.