இல்லத்து இசைப்பதிவும் தொடுதிரைக் கணினியும்: ஒரு மதிப்பீடு

ஒரு கலையின் ஆக்கச் சாதனம் மாறும்போது அக்கலையின் இயல்பும் மாறுகின்றதா என்னும் வினா புதியதன்று. இலக்கியம் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும் பெயர்ந்த காலங்களிலே அது எழுந்தது. இசைத் துறையிலே இன்று அவ்வினா வேறொரு வடிவில் எழுந்துள்ளது. வீட்டின் ஓர் அறையிலிருந்தே பாடலை ஆக்கிப் பதிவு செய்யும் கலைஞர் நெடுங்காலமாக மேசைக் கணினியையே நம்பியிருந்தார். அதன் இடத்தை, கையில் ஏந்தத்தக்க தொடுதிரைக் கணினி, அதாவது 'டப்லட்' எனப்படும் சாதனம், கைப்பற்றிக் கொள்ளுமா என்பதே அவ்வினாவாகும்.

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. சாதனம் சிறுத்துக்கொண்டே செல்வது காலத்தின் போக்கு. ஆதலால் மேசைக் கணினி மறைவது திண்ணம் என்பர் ஒரு சாரார். தொடுதிரைக் கணினி ஒரு விளையாட்டுப் பொருளேயன்றித் தொழிற் கருவியன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கருவியை மட்டுமே நோக்குகின்றனர். அக்கருவி எத்தொழிலின் எக்கட்டத்திற் பயன்படுகின்றது என்பதனையோ, அதன்மீது கலைஞருக்குள்ள உரிமை யாது என்பதனையோ அவர்கள் நோக்குவதில்லை. இவற்றைத் தெளிந்துகொள்ள, இல்லத்து இசைப்பதிவின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

1979 ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான டியாக், 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்னும் சிறு கருவியைச் சந்தைப்படுத்தியது. சாதாரண ஒலிநாடாக் கசெற்றிலே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்ய அது வழிவகுத்தது. அதுகாறும் பெருங் கலையகங்களுக்கே உரியதாயிருந்த பல்தடப் பதிவு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பாடகர் ஒருவர் தமது குரலை ஒரு தடத்திலும் வாத்தியத்தை இன்னொரு தடத்திலும் தாமே பதிவு செய்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் சுதந்திரம் அன்றே தோன்றிவிட்டது.

அச்சுதந்திரத்தின் முதற் பெரும் விளைச்சல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தொகுப்பாகும். 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள தமது இல்லத்தின் அறையொன்றில், மேற்கூறிய நான்குதடக் கருவியைக் கொண்டு அப்பாடல்களை அவர் பதிவு செய்தார். அது முன்மாதிரிப் பதிவாகவே கருதப்பட்டது. பின்னர் அவர் தமது குழுவினருடன் கலையகத்தில் அவற்றை மீண்டும் பதிவு செய்ய முயன்றபோது, வீட்டுப் பதிவிலிருந்த தனிமையும் இறுக்கமும் அங்கு வாய்க்கவில்லை. ஈற்றில் அக்கசெற்றே அவ்வாண்டிற் செப்டெம்பரில் இசைத்தட்டாக வெளியிடப்பட்டது. எனினும், அக்கசெற்றிலுள்ள ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றுவது எளிதாயிருக்கவில்லை. தேர்ந்த பொறியியலாளரின் உழைப்பும் கலையகச் சாதனங்களும் அதற்குத் தேவைப்பட்டன. இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. சிறிய கருவி சிறந்த கலையைப் பிறப்பிக்க வல்லது என்பது ஒன்று. பிறந்ததை நிறைவு செய்தற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது என்பது மற்றையது.

கணினி இத்துறைக்கு வந்த வரலாறும் இவ்வாறானதே. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள வழிசெய்யும் 'மிடி' என்னும் பொதுநெறி 1983 இல் உருவாகியது. 1985 இல் வெளிவந்த அட்டாரி எஸ்.ரி. கணினியில் அதற்கான இணைப்பு வாயில்கள் உள்ளடங்கியிருந்தன. ஜேர்மனிய நிறுவனமான ஸ்டைன்பெர்க் 1989 இல் அக்கணினிக்கென 'கியூபேஸ்' மென்பொருளை வெளியிட்டது. 1996 இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய முறையினால், வாத்தியங்களும் ஒலித்திருத்தக் கருவிகளும் மென்பொருளாகவே கணினிக்குள் புகுந்தன. இவ்வளர்ச்சியின் உச்சம் 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வீட்டின் படுக்கையறையிலே அண்ணனும் தங்கையுமாகப் பதிவு செய்த பில்லி ஐலிஷின் முதல் இசைத்தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதற்கும் இறுதி ஒலிக்கலவை வேறொரு வல்லுநராலேயே செய்யப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியிலேயே தொடுதிரைக் கணினியின் வருகையை மதிப்பிடல் வேண்டும். அப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2010 ஏப்ரலிற் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே கொரில்லாஸ் என்னும் பிரித்தானிய இசைக்குழுவைச் சார்ந்த டேமன் அல்பார்ன், வட அமெரிக்கப் பயணத்தின்போது தங்குவிடுதிகளிலும் வாகனங்களிலும் இருந்தவாறே 'த ஃபோல்' என்னும் தொகுப்பின் பெரும்பகுதியை ஐபாட்டிலே ஆக்கினார். அது 2010 டிசெம்பர் 25 இல் இரசிகர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 2011 இல் 'கராஜ்பாண்ட்' செயலி ஐபாட்டுக்கு வந்தது. 2012 இல் ஸ்டைன்பெர்க் 'கியூபாசிஸ்' என்னும் செயலியை வெளியிட்டது. வேறுவேறு செயலிகள் ஒன்றனுள் ஒன்று இயங்குதற்கான நெறி 2015 இல் அமைந்தது. சிலேட்டுப் போன்ற அக்கருவி மெல்ல மெல்ல ஒரு கலையகத்தின் உறுப்புகள் பலவற்றைத் தன்னகத்தே கொண்டது.

இதன் சிறப்பு எடையின்மை மட்டுமன்று. மேசைக் கணினியின் முன் அமர்பவர் சுட்டியைக் கொண்டு இசையை 'எழுதுகிறார்'. தொடுதிரையின்மேல் விரல் வைப்பவர் அதனை 'வாசிக்கிறார்'. இவ்வேறுபாடு தமிழிசை மரபை அறிந்தோருக்கு எளிதிற் புலப்படும். மேசைக் கணினியின் இசை மென்பொருள்கள் பெரும்பாலும் பியானோவின் பன்னிரண்டு சுரத்தானங்களை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு சுரத்தையும் ஒரு நீள்சதுரக் கட்டமாகக் காட்டுவன. சுரங்களுக்கிடையே வழுக்கியும் அசைந்தும் செல்லும் கமகத்தை அக்கட்டங்களுள் அடக்குதல் அரிது. வளைகோடுகளைத் தனியே வரைந்து அதனைப் போலச் செய்தல் வேண்டும். தொடுதிரையிலோ விரல் வழுக்குவதே இயல்பு. 'ஜியோஷ்ரெட்' போன்ற செயலிகளைக் கொண்டு இந்தியக் கலைஞர் மகேஷ் ராகவன் ஐபாட்டிலே கர்நாடக இசையைக் கமகங்களுடன் வாசித்து வருவது இதற்குத் தக்க சான்றாகும். ஆயினும் கண்ணாடிக்குத் தந்தியின் இழுவிசை இல்லை. வீணையின் தந்தியை இழுக்கும்போது அது விரலுக்குத் தரும் எதிர்ப்பே சுரத்தின் எல்லையை உணர்த்துகின்றது. கண்ணாடியில் அவ்வெல்லையைச் செவி ஒன்றே காத்தல் வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது இலங்கையில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. மின்கலத்தில் இயங்கும் கருவியே அத்தகைய வேளையில் இசைப்பதிவுக்குக் கைகொடுக்க வல்லது. மின்னோட்டம் நிற்கையில் மேசைக் கணினி ஊமையாகிவிடுகின்றது.

குறைகளும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முதலாவது, தாமதம் பற்றியது. கருவியிலே பாடும் குரல் காதொலிப்பானில் மீண்டு வருதற்குச் சிறிது நேரம் ஆகின்றது. ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், 10 மில்லி செக்கன் தாமதம் என்பது வாத்தியக்காரர் மூன்றரை மீற்றர் தொலைவில் நின்று வாசிப்பதற்கு ஒப்பாகும். அது பொறுக்கத்தக்கது. அதனினும் பன்மடங்கு பெருகுமாயின் தாளம் தடுமாறும். ஐபாட் இதனைத் தொடக்கத்திலேயே ஓரளவு வென்றிருந்தது. அன்ட்ரொயிட் இயங்குதளமோ நெடுங்காலம் இதனால் இடர்ப்பட்டது; 2017 இலேயே இதற்கெனத் தனி ஒலிமுறை அதில் அறிமுகமாயிற்று. எனவே 'தொடுதிரைக் கணினி' எனப் பொதுவாகக் கூறப்படும் சிறப்புகளுட் பல, விலை கூடிய ஐபாட்டுக்கே உரியன. குறைந்த விலையில் அன்ட்ரொயிட் கருவி வாங்கும் மாணவருக்கு அவை கிட்டுவது உறுதியன்று. கம்பியில்லாக் காதொலிப்பான்கள் எக்கருவியோடு இணைந்தாலும் இத்தாமதத்தைப் பெருக்குவன. 2018 இல் வெளிவந்த ஐபாட் புரோவிலிருந்து காதொலிப்பான் துளை நீக்கப்பட்டமை இவ்வகையிற் கலைஞருக்குச் சாதகமானதன்று.

இரண்டாவது, நுண்மை பற்றியது. குரற்பதிவிலே ஒரு மூச்சொலியை நீக்குதற்கு அலைவடிவின் மயிரிழை போன்ற பகுதியைத் தெரிவுசெய்ய வேண்டும். விரல்நுனி அதற்குத் தடித்தது. சுட்டியின் முனை கூரியது. பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா ஆகிய நான்கையும் ஒரே வேளையிற் பதிவு செய்யப் பல ஒலிவாங்கிகளும் அவற்றை இணைக்கும் இடைமுகக் கருவியும் வேண்டும். இணைப்பு வாயில் ஒன்றே உள்ள கருவியில் அதனையும் மின்னூட்டியையும் வன்தட்டையும் ஒருங்கே பொருத்த இன்னுமொரு துணைக்கருவி தேவையாகின்றது. இவ்வாறு ஒவ்வொன்றாகச் சேர்ந்து மேசை நிறைந்துவிட்டால், எடையின்மை என்னும் முதற் சிறப்பே பொருளிழந்துவிடும்.

இக்குறைகள் யாவும் காலப்போக்கில் நீங்கலாம் என வாதிடுவோர் உளர். வலிமையைப் பொறுத்தவரை அவ்வாதம் ஏற்கத்தக்கதே. 2020 இன் இறுதியில் மாக் கணினிகளுக்கென வந்த எம்-1 சில்லு 2021 இல் ஐபாட் புரோவிலும் பொருத்தப்பட்டது. அக்கணத்திலேயே, தொடுதிரைக் கணினி வலிமை குறைந்தது என்னும் பழைய வாதம் பெரிதும் அடிபட்டுப் போயிற்று. மூளை ஒன்றாயிருந்தும் இரண்டும் ஒரே தொழிலைச் செய்ய இயலாதிருப்பின், காரணம் பொறியில் இல்லை. அப்பொறியை யார் எவ்வாறு பயன்படுத்தலாம் என வகுக்கும் விதியிலேயே உள்ளது. இவ்விடயத்தின் உயிர்நிலை இதுவே.

உற்பத்திச் சாதனத்தின் உடைமை யாரிடம் உள்ளது என்பது பொருளியலுக்கு மட்டுமன்றிக் கலைக்கும் உரிய வினாவாகும். அப்பிள் நிறுவனத்தின் 'லொஜிக் புரோ' 2023 மே மாதத்தில் ஐபாட்டுக்கு வந்தபோது, அது மாதத்திற்கு 4.99 அமெரிக்க டொலர் சந்தாவாகவே வழங்கப்பட்டது. அவ்வேளையில் மாக் கணினிக்கான அதே மென்பொருளை 199.99 டொலருக்கு ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. வருவாய் ரூபாவிலும் சந்தா டொலரிலும் அமைந்த நாட்டுக் கலைஞருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மேலும், 2017 இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 11, 32 துணுக்கு முறையில் அமைந்த பழைய செயலிகளை இயங்காமற் செய்தது. புதுப்பிக்கப்படாத இசைச் செயலிகள் அதனோடு வழக்கொழிந்தன. அவற்றினுள்ளே மட்டும் இருந்த ஆக்கங்களும் திறக்க முடியாதனவாயின. மாக் கணினியிலும் 2019 இல் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது உண்மையே. ஆயின் மேசைக் கணினியிற் பழைய இயங்குதளத்தை மீண்டும் நிறுவிப் பழைய ஆக்கத்தைத் திறக்கலாம். ஐபாட்டிற் புதிய பதிப்புக்குச் சென்றவர் பழையதற்கு மீள்வதற்கு நிறுவனம் நெடுநாள் இடமளிப்பதில்லை.

இக்கண்டனம் மேசைக் கணினியைப் போற்றுதற்காக எழுந்ததன்று. மேசைக் கணினியும் இல்லங்களில் தன் இடத்தைப் பெருமளவு மடிக் கணினிக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. ஆனால் மடிக் கணினி வடிவிற் சிறுத்ததேயன்றி விதியிற் சுருங்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓடாசிற்றி' போன்ற இலவச மென்பொருள்களை விரும்பியவாறு நிறுவிக்கொள்ளும் உரிமையும், கோப்புகளை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் நிலைத்துள்ளன. அது இடம்பெயர்ந்து சென்றது. கலைஞரின் உரிமை இடம்பெயரவில்லை.

ஆகவே, தொடுதிரைக் கணினி மேசைக் கணினியை அகற்றுமா என்னும் வினாவைச் சிறிது திருத்தி வினவுதல் பொருத்தமாகும். இசையாக்கம் இரு கட்டங்களை உடையது. தோன்றிய மெட்டைத் தோன்றிய கணத்திலேயே பற்றிக்கொள்வது முதற்கட்டம். பற்றியதைச் சீர்தூக்கி, செம்மை செய்து, பிற்காலத்திலும் திறக்கத்தக்கதாகப் பேணுவது இரண்டாம் கட்டம். முதற்கட்டத்தைத் தொடுதிரைக் கணினி ஏற்கனவே பெருமளவு கைக்கொண்டுவிட்டது. அங்கு அதனோடு போட்டியிடும் தகுதி மேசைக் கணினிக்கு இல்லை. இரண்டாம் கட்டத்தை அது கைக்கொள்ள வேண்டுமாயின், அதன் சில்லு விரைவதனால் மட்டும் ஆகாது. அதன் கதவுகள் திறத்தல் வேண்டும்.

அதுவரை இளங்கலைஞர் கைக்கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. எச்செயலியிற் பதிவு செய்யினும், பணி முடிந்தவுடன் குரல், வாத்தியம் ஆகிய ஒவ்வொரு தடத்தையும் தனித்தனிச் சாதாரண ஒலிக்கோப்பாக வெளியெடுத்து, வேறொரு வன்தட்டிற் சேமித்து வைத்தல் வேண்டும். ஏடுகள் செல்லரிக்கு முன் பெயர்த்தெழுதி வைத்தவர்களாலேயே பழந்தமிழ் நூல்கள் பல எஞ்சின. ஒரு நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் உறையும் பாடலுக்கும் அவ்வேட்டுக்கு நேரக்கூடிய கதி நேரலாம். செல்லைக் கண்ணாற் காணலாம். இயங்குதளப் பதிப்பு மாறும் நாளை முன்கூட்டி அறிவார் எவருமிலர்.