முதுகு மறைக்கும் சாலை

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அந்தச் சாலையை என் அம்மா வருடக்கணக்கில் அப்பாவின் ராஜ்தூத்தில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தே கடந்திருக்கிறார். மடியில் நான், கையில் பை. வழியில் என்னம்மா பார்த்தே என்று ஒருமுறை கேட்டேன். "எடது பக்கத்துக் காடு தெரியும். எதிர்ல என்ன வருதுன்னு உங்கப்பா பிரேக் போட்டாத்தான் தெரியும்" என்றார்.

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை வாசித்தபோது அம்மாவின் இந்தப் பேச்சும் கூடவே வந்தது. 1968இல் மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போன பயணம், 1974இல் நூலாக வந்தது. அவர் ஓட்டிய ஹோண்டா இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்த்து, அதே ஊர்கள் வழியாக அந்தப் பயணத்தைத் திரும்பச் செய்யும் வாசகர்கள் உண்டு. அவர்கள் தேடிப்போவது பாதையையும் வண்டியையும் ஓட்டியவரின் சிந்தனையையும்தான். பின் இருக்கையை யாரும் தேடுவதில்லை.

நூலில் இரண்டு வண்டிகள். ஒன்றில் கதைசொல்லியும் மகன் கிறிஸும். மற்றொன்றில் நண்பர் ஜானும் அவர் மனைவி சில்வியாவும். ஜான் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. சரிசெய்து பார்த்தும் நிற்காததால் ஜான் அதை அப்படியே விட்டுவிடுகிறார். ஒருநாள் சில்வியா பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தைகள் குறுக்கிட, அவர்கள்மேல் எரிந்து விழுகிறார். கதைசொல்லிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது: அது குழாயின் மீது அடக்கிவைத்த கோபம். அங்கிருந்து ஒரே தாவலில், இவர்கள் இருவருக்கும் தொழில்நுட்பத்தின் மீதே வெறுப்பு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

கரிசல்காட்டுப் பெண்ணால் இந்தத் தாவலை ஏற்க முடியாது. எங்கள் வீடுகளில் ஒழுகும் குழாய் வெறும் சத்தம் அல்ல, குடத்துக்குள் விழாமல் போகிற தண்ணீர். அதை நாள் முழுக்கக் கேட்பவள் ஒருத்தி, சரிசெய்யாமல் விட்டவர் இன்னொருவர். சில்வியாவின் கோபம் இயந்திரத்தின் மீதா, விட்டுவிட்டவர் மீதா? இந்தக் கேள்வியைக் கதைசொல்லி கேட்பதே இல்லை. கவனத்தோடு பழுதுபார்ப்பதும் ஒரு சிந்தனைதான் என்பது இந்த நூலின் பெரிய பலம். அடுப்பையும் கிரைண்டரையும் கிழிந்த துணியையும் தினம் சரிசெய்யும் பெண்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். நூலோ அந்தப் பழுதுபார்ப்பை மோட்டார் சைக்கிளில் மட்டும் காண்கிறது.

பின் இருக்கையின் சிக்கல் பிர்சிக்குக்குத் தெரியாததும் அல்ல. முடிவுக்கு அருகில் கிறிஸ் கால்மிதியில் எழுந்து நிற்கிறான். இதுவரை அப்பாவின் முதுகை மட்டுமே பார்த்தவனுக்கு, தோளுக்கு மேலாகச் சாலை தெரிகிறது. நூலில் என்னை அசைத்த இடம் இதுதான். ஆனால் அந்தக் காட்சி மகனுக்குக் கிடைக்கிறது. சில்வியாவோ பாதி நூலில், மொன்டானாவின் போஸ்மனிலேயே, கணவரோடு விடைபெற்றுப் போய்விடுகிறார்.

சாலை ஆணுடையது, பெண் அதில் பிறகு வந்து சேர்ந்தவள் என்ற எண்ணத்தோடுதான் பயண இலக்கியத்தை வகுப்பறையில் படிக்கிறோம். எங்கள் மலை வேறு சொல்கிறது. கழுகுமலைச் சமணச் சிற்பங்களின் கீழே, இன்னார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். செய்வித்தவர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவிகளும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்திகள் என்ற பெயரும் அங்கே இருக்கிறது. திருச்சாரணம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். சாலைவழியே 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சமணத் துறவியர் வாகனம் ஏறுவதில்லை. அந்தப் பெண்கள் இந்த மலைக்கு வந்திருந்தால் நடந்தே வந்திருப்பார்கள், யாருடைய முதுகும் மறைக்காமல். அந்த வழியைத் திரும்ப நடக்க யாரும் கிளம்பியதாக நான் கேள்விப்படவில்லை.

பயண நூல் எதைக் கையில் எடுத்தாலும் இப்போது மூன்று கேள்விகளோடு தொடங்குகிறேன். ஓட்டுபவர் யார்? பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார்? வீட்டில் இருந்துகொண்டவர் யார்? மாணவிகளையும் இப்படிக் கேட்கச் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவை ஸ்கூட்டியில் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் தோளைத் தட்டினார். "கொஞ்சம் குனியேன், எதிர்ல என்ன இருக்குன்னு பாக்கணும்." அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.